வியர்க்கும் மூடியும் வெளுக்கும் ஜிப்சமும்: ஓர் எறும்புக்கூட்டுடன் பதினான்கு மாதங்கள்

சென்ற ஆண்டு மார்ச் மாதம், வீட்டில் எறும்பு வளர்ப்பதற்காக இணையவழியில் வாங்கிய ஜிப்சம் எறும்புக்கூட்டைப் பற்றி மறுவாரமே எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுத்திருப்பேன்; மறுமாதம் எழுதியிருந்தால் ஒன்று கொடுக்கவும் மனம் வந்திராது. ஒரு முழுக் கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் அடுத்த கத்திரி வெயிலின் தொடக்கமும் அந்தக் கூட்டின் மேல் கடந்து போன பிறகு இதை எழுதுகிறேன். இப்போதைய மதிப்பெண் மூன்றரை. செய்து விற்பவர் வீட்டிலிருந்தே சிறு அளவில் தொழில் செய்பவர் என்பதாலும், இங்கே நான் சொல்லும் குறைகள் இதே வடிவில் விற்கப்படும் பெரும்பாலான கூடுகளுக்கும் பொருந்தும் என்பதாலும் அவருடைய பெயரைக் குறிப்பிடவில்லை.

பொருள் இதுதான்: 20 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் 4 செ.மீ. கனமும் கொண்ட ஒரு ஜிப்சம் கட்டி. அதன் மேற்பரப்பில் குடைந்த ஒன்பது அறைகளும் அவற்றை இணைக்கும் வழிகளும். மேலே நான்கு திருகுகளால் இறுக்கப்பட்ட அக்ரிலிக் மூடி. ஒரு முனையில் பஞ்சு வைத்த சிறிய நீர்த்தொட்டி. மறுமுனையிலிருந்து ஒளிபுகும் குழாய் வழியாகச் சென்றடையும் தீனிப்பெட்டி. கூடவே மூடியின் மேல் விரிக்க ஒரு சிவப்புத் தாளும், தீனிப்பெட்டியின் சுவரில் ஒட்டப்பட்ட ஒரு மின்னணு ஈரப்பதமானியும் வந்தன. எல்லாம் சேர்த்து ரூ.1,650. வேலைப்பாட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. அறைகளின் விளிம்புகள் வழுவழுப்பாக இருந்தன, மூடிக்கும் கட்டிக்கும் இடையே ஒரு தாள்கூட நுழையவில்லை, குழாய்ப் பொருத்துகள் இறுக்கமாக இருந்தன.

குடியேறியவை கட்டெறும்புகள். தோட்டத்து மரங்களின் அடியில் மண்ணுக்குள் கூடு வைத்து, மாலை நேரத்தில் அசுவினி மொய்க்கும் கிளைகளை நோக்கி வரிசையாகப் போகும் நம் ஊர்க் கருப்புக் கட்டெறும்புதான். உயிரியல் பெயர் கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ். ஒரு கோடை மழைக்கு மறுநாள் மொட்டைமாடியில் சிறகு உதிர்த்துத் திரிந்த ராணியைப் பிடித்துச் சோதனைக் குழாயில் விட்டேன். குழாயின் அடியில் தண்ணீர், அதை அடைத்த பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு என்ற எளிய அமைப்பு அது. தன் உடலில் சேமித்த கொழுப்பையும் இனிப் பயன்படாத சிறகுத் தசைகளையும் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும் இனம் என்பதால் அந்நாட்களில் தீனி எதுவும் தேவைப்படவில்லை. பத்து மாதத்தில் ஏறத்தாழ முப்பத்தைந்து வேலைக்கார எறும்புகள் ஆயின, குழாய் போதவில்லை, அதனால் வந்தது இந்தக் கூடு.

உடன் வந்த குறிப்புத்தாளில் இரண்டு கட்டளைகள் இருந்தன. வாரத்துக்கு ஒருமுறை நீர்த்தொட்டியை நிரப்ப வேண்டும். ஈரப்பதமானியில் 50 முதல் 60 விழுக்காடு வரை காட்ட வேண்டும். இரண்டையும் அப்படியே பின்பற்றினேன். தொட்டி 60 மில்லி கொள்ளும். மூன்றாவது வாரம் முடிவதற்குள் கட்டி முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டது, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஈரமாகிவிட்டது. தொட்டியை ஒட்டிய இரண்டு அறைகளில் வெண்பூஞ்சை படர்ந்தது. எறும்புகள் புழுக்களையும், வளர்ந்த புழுக்கள் தம்மைச் சுற்றி நூற்றுக்கொண்ட பட்டுக்கூடுகளையும் தூக்கிக்கொண்டு குழாய்க்குள் நெருக்கியடித்துக் கிடந்தன. அத்தனை அறைகளும் காலியாக இருக்க, ஒரு விரல் தடிமனுள்ள குழாயில் ஒரு குடும்பம் முழுவதும் ஒண்டியிருந்த காட்சி, மழை வெள்ளத்தில் மொட்டைமாடியில் குடியிருந்த நாட்களைச் சென்னைவாசியான எனக்கு நினைவூட்டியது. இத்தனை நடந்துகொண்டிருந்தபோதும் ஈரப்பதமானி 64 என்று காட்டிக்கொண்டிருந்தது.

இந்த ஈரப்பதமானியைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்தப் பொருளின் பெருங்குறை அதுதான். முதலாவதாக, அது தவறான இடத்தில் இருக்கிறது. தீனிப்பெட்டியின் காற்றுத் துளைகள் வழியாக அறையின் காற்று தாராளமாகப் புகுந்து வெளியேறுகிறது. ஆகவே அங்கே ஒட்டிய கருவி என் வீட்டு அறையின் ஈரப்பதத்தைத்தான் அளக்கிறதே ஒழிய, எறும்புகள் வாழும் அறையின் ஈரப்பதத்தை அளக்கவில்லை. இரண்டாவதாக, அது தவறாகவும் அளக்கிறது. இதைச் சோதிக்கச் செலவில்லாத ஒரு வழி உண்டு. ஒரு சிறு மூடியில் சமையல் உப்பை இட்டு, அது கரைந்துவிடாமல் ஈர மணல் போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அதையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு முழுவதும் மூடி வைக்க வேண்டும். தெவிட்டிய உப்புக் கரைசலுக்கு மேலே நிற்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதம் நம் ஊர் வெப்பநிலையில் 75 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். வெப்பநிலை சில பாகை ஏறினாலும் இறங்கினாலும் அது பெரிதாக மாறுவதில்லை. காலையில் எடுத்துப் பார்த்தபோது என் கருவி 84 காட்டியது. ஒன்பது விழுக்காடு கூடுதல். விற்பனையாளருக்கு எழுதியபோது மறுப்பேதும் சொல்லாமல் வேறொன்றை அனுப்பினார் என்பதை அவருக்கு ஆதரவாகப் பதிவுசெய்ய வேண்டும். இரண்டாவது கருவி 71 காட்டியது.

ஆனால் கருவி சரியாக இருந்திருந்தாலும் குறிப்புத்தாளின் கட்டளை எனக்கு உதவியிருக்காது. எறும்புக்கூட்டுக்கு ஒரே எண்ணில் ஈரப்பதம் வேண்டும் என்ற எண்ணத்திலேயே பிழை இருக்கிறது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை வரும் என்பது நம் கிராமங்களில் எல்லோரும் அறிந்த செய்தி. அங்கே முட்டை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான்; எறும்பின் முட்டை வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளி அளவே இருக்கும். மண்ணுக்குள் ஆழம் கூடக்கூட ஈரம் கூடுகிறது, மேலே வர வர வெப்பமும் உலர்வும் கூடுகின்றன. அந்த ஏணியில் மேலும் கீழுமாகக் குஞ்சுகளை நாள் முழுவதும் இடம் மாற்றிக்கொண்டே இருப்பது வேலைக்கார எறும்புகளின் அன்றாடப் பணி. மெல்லிய தோலுடைய முட்டைகளும் இளம்புழுக்களும் சீக்கிரம் வாடிவிடும் என்பதால் ஈரமான இடத்தில் வைக்கப்படுகின்றன. பட்டுக்கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் சற்று உலர்ந்த, வெதுவெதுப்பான இடத்தில் அடுக்கப்படுகின்றன. ஆகவே நாம் கட்டித்தர வேண்டியது ஒரு முனை ஈரமாகவும் மறுமுனை உலர்ந்தும் இருக்கும் ஒரு சரிவு மட்டுமே. எந்தப் படியில் எதை வைப்பது என்பதை அவை பார்த்துக்கொள்ளும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சார்ல் ஷானே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஜிப்சம் கட்டியில் வரிசையாக அறைகளைக் குடைந்து, மேலே கண்ணாடி மூடி, ஒரு முனையில் மட்டும் நீர்க்குழி வைத்த கூடுகளை உருவாக்கினார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. அவருக்கு முன்பு இங்கிலாந்தில் ஜான் லப்பக் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மண்ணை நிரப்பி எறும்புகளை வளர்த்தார். அவரிடம் இருந்த ஒரு ராணி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உயிர்வாழ்ந்து 1888இல் இறந்தது. அமெரிக்காவின் அடீல் ஃபீல்டு முழுவதும் கண்ணாடியாலான கூட்டுக்குள் நனைத்த ஸ்பான்ஜ் துண்டை வைத்தார். இன்று இணையத்தில் விற்கப்படும் கூடுகளில் பெரும்பாலானவை இந்த மூவரில் ஒருவருடைய வழியில் வந்தவைதாம். நான் வாங்கியது ஷானேயின் வழியில் வந்தது. வடிவமைப்பில் சரிவு இருந்தது. வாரம் 60 மில்லி என்ற கட்டளைதான் அந்தச் சரிவை அழித்துவிட்டது. வெப்பமூட்டி ஓடும் உலர்ந்த வீடுகளில் அத்தனை தண்ணீரும் ஆவியாகிப் போகலாம். கடலிலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில், துவைத்த துணியே மாலை வரை காயாத வீட்டில் அது எங்கே போகும்?

ஏப்ரலில் தண்ணீரை அடியோடு நிறுத்தினேன். அப்போதுதான் இரண்டாவது சிக்கல் தொடங்கியது. கூடு இருந்தது படுக்கையறையில். பகலில் அந்த அறையின் வெப்பம் 32 பாகை வரை போகும், இரவில் ஏ.சி.யை 24இல் வைத்துப் படுப்போம். ஒவ்வொரு காலையும் அக்ரிலிக் மூடியின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. அதைக் கண்டு, உள்ளே ஈரம் இன்னும் மிகுதியாகத்தான் இருக்கிறது என்று முடிவுசெய்தேன். ஒரு மாதம் கழிந்தபோது முட்டைக் குவியலே காணாமல் போயிருந்தது. புழுக்கள் சுருங்கி மடிப்பு விழுந்திருந்தன. எறும்புகள் தீனிப்பெட்டியின் தண்ணீர்ப் பஞ்சை விட்டு நகரவில்லை.

வியர்வை எப்படி ஏமாற்றுகிறது என்பது பிறகு ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தபோது விளங்கியது. 30 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் அளவுக்கு நீராவியைத் தாங்கும்; 24 பாகையில் 22 கிராமைத் தாண்டித் தாங்காது. ஏ.சி. போட்டவுடன் மெல்லிய மூடி விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது, கனமான ஜிப்சம் மெதுவாகத்தான் குளிர்கிறது. வெதுவெதுப்பான கட்டியிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த மூடியில் பட்டு நீராகிறது. அதே நேரத்தில் ஏ.சி. உலர்த்திய அறைக்காற்று துளைகள் வழியாகவும் கட்டியின் வெளிப்பக்கங்கள் வழியாகவும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. ஆக, மூடி வியர்க்க வியர்க்கக் கட்டி காய்கிறது. மூடியில் காணும் நீர்த்துளி வெப்பநிலை மாற்றத்துக்கான அடையாளமாக இருந்ததே தவிர, கூட்டில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை அது சொல்லவே இல்லை. கூட்டைக் கூடத்துக்கு, வெயில் படாத புத்தக அலமாரியின் கீழ்த்தட்டுக்கு மாற்றியதும் வியர்ப்பது ஏறக்குறைய நின்றுபோனது.

கருவியையும் நம்ப முடியாது, கண்ணையும் நம்ப முடியாது என்றான பிறகு சமையலறைத் தராசை எடுத்தேன். இதுவரை நான் செய்தவற்றில் உருப்படியான காரியம் இதுவே. கூட்டில் எறும்புகளை விடும் முன்பு, வெறும் கட்டியாக, நன்கு உலர்ந்த நிலையில் அது 1,010 கிராம் இருந்தது. நல்லவேளையாக, பெட்டியைப் பிரித்த அன்று விளையாட்டாக எடை போட்டுக் குறித்து வைத்திருந்தேன். பூஞ்சை பிடித்த நாட்களில் நிழற்படம் எடுக்கும்போது போட்ட எடை 1,290. இப்போது மூன்று நாட்களுக்கு ஒருமுறை குழாயை அடைத்துக் கழற்றி, கூட்டை மெதுவாகத் தராசில் வைத்துக் குறித்துக்கொள்கிறேன். 1,080க்கும் 1,120க்கும் இடையே எடை இருக்கும்போது தொட்டிப் பக்கத்து மூன்று அறைகள் மட்டும் கருத்தும், நடு அறைகள் லேசாகக் கருத்தும், குழாய்ப் பக்கத்து அறைகள் வெள்ளையாகவும் இருக்கின்றன. எறும்புகள் பரவி வாழ்வதும் அப்போதுதான். 1,080க்குக் கீழே இறங்கினால் 20 மில்லி ஊற்றுகிறேன், அதற்கு மேல் ஊற்றுவதில்லை. எறும்புகளின் எடை கணக்கைக் குழப்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். முந்நூறு கட்டெறும்புகள் சேர்ந்தாலும் சில கிராம்தான் வரும். ஒருமுறை ஊற்றும் 20 மில்லித் தண்ணீரே அவ்வளவையும் மிஞ்சிவிடும்.

இந்த எடைக் குறிப்புகளிலிருந்து வீட்டைப் பற்றியே சில செய்திகள் கிடைத்தன. ஏ.சி. அறையில் இருந்தபோது நாளொன்றுக்கு ஒன்பது கிராம் வரை எடை குறைந்தது. கூடத்தில் மே மாதத்தில் ஆறு கிராம். நவம்பர் மழையில் இரண்டு கிராம்கூடக் குறையவில்லை. ஒரே கூடு, ஒரே எறும்புகள், நான்கு மடங்குக்கும் மேல் வேறுபாடு. வாரத்துக்கு இவ்வளவு என்று அச்சடித்துக் கொடுக்கும் எந்தக் குறிப்பும் இதைச் சமாளிக்க முடியாது. அக்டோபர் கடைசி வாரம் முதல் ஐந்து வாரங்கள் நான் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூட்டுக்கு ஊற்றவில்லை. அந்த ஐந்து வாரங்களிலும் முட்டைகள் குறையவில்லை. இதைக் குடிநீருடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. தீனிப்பெட்டியில் நனைத்த பஞ்சு எல்லாக் காலத்திலும் இருந்தது. கூட்டின் ஈரம் புழுக்களுக்கு, பஞ்சின் தண்ணீர் எறும்புகளின் தாகத்துக்கு.

மழைக்காலம் வேறொரு வாசல் வழியாகத் தொல்லை கொடுத்தது. தீனிப்பெட்டியின் மேல்விளிம்பில் முகப்பவுடரை ஆல்கஹாலில் குழைத்துப் பூசினால், காய்ந்த பிறகு அந்தப் பூச்சில் எறும்பின் கால் பிடிக்காமல் வழுக்கிவிடும். விற்பனையாளரும் அதையே பூசி அனுப்பியிருந்தார். காற்றில் ஈரம் மிகுந்தால் அந்தப் பவுடர் கட்டிதட்டிச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, வழுக்கும் தன்மையை இழக்கிறது. விடாமல் பெய்த ஒரு நவம்பர் இரவுக்குப் பிறகு, பெருந்தலை எறும்புகள் பதினான்கு குளிர்சாதனப் பெட்டியின் அடியில் சொட்டும் நீரருகே வட்டமாக நின்று குடித்துக்கொண்டிருந்தன. என் மனைவி அன்று பேசிய பேச்சை இங்கே எழுதுவதற்கில்லை. பத்து நாட்களுக்கு ஒருமுறை பூச்சைத் துடைத்துப் புதிதாகப் பூசுவதும், பெட்டியை மூடியே வைப்பதும்தான் மழைக்காலத்துக்கு வழி. மூடிய பெட்டியில் தீனி விரைவில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், போடும் கரப்பான்பூச்சித் துண்டை மறுநாள் காலையே எடுத்துவிட வேண்டும்.

ஜிப்சத்தின் இயல்பால் வரும் குறைகளும் சில உண்டு. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிய தொடக்க நாட்களில் உலர்ந்த முனையில் உப்புப் பூத்தது. சுத்திகரித்த தண்ணீருக்கு மாறிய பிறகு அது குறைந்தாலும் நிற்கவில்லை. ஜிப்சமே தண்ணீரில் சிறிதளவு, லிட்டருக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல், கரையக்கூடியது; ஈரம் ஏறும்போது கரைந்து, ஆவியாகும் இடத்தில் வெண்படிவமாக நின்றுவிடுகிறது. அதனால் எறும்புகளுக்குக் கேடு எதையும் நான் காணவில்லை, பார்வைக்குத்தான் அழகில்லை. இதைவிடக் கவலை தருவது, நனைந்த ஜிப்சம் மென்மையாகிவிடுவது. தொட்டியை ஒட்டிய சுவரை எறும்புகள் சுரண்டத் தொடங்கி, இப்போது அங்கே பட்டாணி அளவில் ஒரு புதிய குழி இருக்கிறது. சுவரின் கனம் 15 மி.மீ.; இன்னும் இரண்டு ஆண்டுகள் தாங்கும் என்று நினைக்கிறேன்.

வேறு கூடுகளோடு ஒப்பிடாமல் இந்த மதிப்பெண்ணுக்குப் பொருளில்லை. நண்பர் வைத்திருக்கும் முழு அக்ரிலிக் கூட்டில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ள எதுவுமில்லை. ஸ்பான்ஜ் நனைந்திருந்தால் சுவரெல்லாம் நீர், காய்ந்தால் மறுநாளே பாலைவனம். நான் பொழுதுபோக்காக, அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பயன்படுத்தும் எடை குறைந்த ஏ.ஏ.சி. கல்லில் ஒரு துண்டை வாங்கித் திருப்புளியால் குடைந்து ஒரு கூடு செய்தேன். தூசி வீடெங்கும் பறந்தது, வடிவம் கோணலாக வந்தது. ஆனால் நனைந்தாலும் அது மென்மையாவதில்லை, தண்ணீர் மெதுவாகவே பரவுவதால் சரிவு தானாகவே நிலைக்கிறது. ஈரத்தைக் கையாளும் திறனில் அதுதான் மேல் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கைவேலைக்கு நேரமும், தூசியைப் பொறுத்துக்கொள்ளும் குடும்பமும் உள்ளவர்கள் ரூ.1,650 செலவழிக்க வேண்டியதில்லை. இருபது எறும்புகளுக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள் எந்தக் கூட்டையும் வாங்க வேண்டாம்; சோதனைக் குழாயே போதும், அதில் ஈரச் சரிவு இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஜெல் நிரப்பிய கூடுகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் விடை சுருக்கமானது: வாங்காதீர்கள்.

மூன்றரையில் கட்டியின் வடிவமைப்புக்கும் மூடியின் பொருத்தத்துக்கும் மூன்று. தவறான கருவியை மறுகேள்வியின்றி மாற்றிக் கொடுத்ததற்கு அரை. குறிப்புத்தாளுக்கும் ஈரப்பதமானிக்கும் சேர்த்து ஒன்றரை குறைத்திருக்கிறேன். கருவியில்லாமல், நீர்த்தொட்டியைப் பாதியாகச் சிறிதாக்கி ரூ.1,300க்குத் தர முடியுமா என்று சென்ற மாதம் அவரிடம் கேட்டேன், முடியும் என்றார். கட்டியின் உலர்ந்த எடையை அதன் அடிப்பகுதியில் எழுதி அனுப்பவும் கேட்டிருக்கிறேன். இன்று காலை பழைய கூட்டின் எடை 1,096. பட்டுக்கூடுகள் வெள்ளை அறையில் அடுக்கப்பட்டிருக்கின்றன, ராணி நடு அறையில் இருக்கிறாள், முட்டைகள் கருத்த அறையில் இருக்கின்றன.